புருஷன் சம்மதம்

சொர்ணம்மாளுக்குப் புருஷன் உண்டா இல்லையா என்ற கேள்வி பதினோரு வருஷமாகத் தாராவியில் யாருக்கும் தேவைப்படவில்லை. வடக்கன்குளம் கோவிலில் தாலி கட்டி, பம்பாய்க்குக் கூட்டிவந்த தொம்மை, மூன்றாம் வருஷம் அவளை விட்டுப் போனான். பத்து மாதப் பிள்ளையைப் புதைத்த அதே மழைக்காலத்தில் போனான். அம்பர்நாத்தில் ஃபேக்டரி வேலை, வேறொருத்தியோடு குடித்தனம் என்று ஊர்க்காரர்கள் வந்து சொன்னார்கள். எங்கேயோ நன்றாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அவள் தோல் கிடங்குக்கு உப்புப் போடப் போனாள். வாய்தான் அப்படிச் சொன்னது. அவன் கால் ஒடிய வேண்டும் என்று வெள்ளிக்கிழமைதோறும் அந்தோணியாரிடம் மன்றாடியவள்தான் அவள், அதை மறைப்பானேன்.

அவளை ஐந்துகாய சபையின் வேலைக்குள் இழுத்தது, மாதுங்காவில் ஐயர் வீடுகளுக்கு நடுவே குடியிருந்து அவர்கள் பேச்சே ஒட்டிக்கொண்ட ரெஜினா டீச்சர். அசிசியார் துறவிகளின் பணியில் குடும்பஸ்தர்களும் பங்கெடுக்கும் மூன்றாம் சபைக்கு, ஏசுவின் ஐந்து காயங்களை நினைத்து நம் சனங்கள் வைத்த பெயர் அது. சேர்ந்தவர்களுக்குக் கழுத்தில் உத்தரியம் என்ற பழுப்புத் துணிப்பட்டை, இடுப்பில் முடிச்சுப் போட்ட கயிறு. ஞாயிற்றுக்கிழமைகளில் டீச்சரும் மாதுங்கா அம்மாக்களும் வெள்ளைச் சேலையில் வந்து, தாராவியில் சாகக் கிடக்கிறவர்களைச் சந்தித்து ஜெபம் சொல்வார்கள். சந்திப்பது அவர்கள், கழுவுவது சொர்ணம்மாள். புண்ணில் புழு வைத்திருந்தாலும் முகம் சுளிக்க மாட்டாள். நாள் முழுக்கப் பச்சைத் தோலோடு கிடக்கிறவளுக்கு என்ன நாற்றம் புதிது? அதை டீச்சர் பெரிய புண்ணியம் என்றாள். பழக்கம் என்று யாரும் சொல்லவில்லை.

நாலு வருஷம் இப்படியே ஓடியது. ஒருநாள் சபைக்காரி ஒருத்தி செத்துப்போனாள். மெழுகுதிரியோடு முப்பது பேர் பாட்டுப் பாடிக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் நடந்தார்கள். சொர்ணம்மாளுக்கு அன்றைக்கு வந்தது ஆசை. தன் பிள்ளையைக் கொண்டுபோனபோது பின்னால் நடந்தது இரண்டே பேர். தனக்கு ஒருத்தர்கூட இருக்கப்போவதில்லை. சபையில் சேர்ந்துவிட்டால் முப்பது பேர் சொந்தம். உத்தரியம், கயிறு எல்லாம் அவளுக்கு அதற்குப் பிறகுதான்.

தயங்கித் தயங்கிக் கேட்டாள். டீச்சர் சந்தோஷப்பட்டாள். அக்டோபர் நாலாம் தேதி, அசிசியார் திருநாளில் ஐந்து பேரைச் சேர்ப்பதாக இருந்தது. பிறகு ஒழுங்குப் புத்தகத்தைப் புரட்டி, கலியாணமான பெண் என்றால் புருஷன் சம்மதம் எழுத்தில் வேண்டும் என்றாள். ஓடிப்போனவனிடமுமா என்று சொர்ணம்மாள் கேட்டதற்கு, திருச்சபை கட்டிய முடிச்சு அவன் ஓடினதால் அவிழாது என்று பதில் வந்தது.

ஆகவே செப்டம்பரில் ஒருநாள் கிடங்குக்கு லீவு போட்டு, சயானில் ரயில் ஏறி அம்பர்நாத் போனாள். தொம்மை தொந்தி வைத்திருந்தான். வயிற்றுப் பிள்ளைக்காரியான அந்தப் பெண் டீ கொண்டுவந்து வைத்தாள். சபை, சம்மதம், கையெழுத்து என்று சொர்ணம்மாள் விளக்கி முடிக்கிற வரைக்கும் அவன் சிரித்துக்கொண்டே இருந்தான். சிரித்து முடித்ததும் அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. கோவிலில் வைத்துத் தாலி கட்டாமல் குடும்பம் நடத்துகிறவனுக்குப் பூசையில் நற்கருணை நன்மை கிடையாது என்று அந்த ஊர் சாமியார் வருஷக்கணக்காகத் துரத்திக்கொண்டிருந்தார். மூத்த மகள் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை வேறு நெருங்கியது. முதல் கலியாணம் நடக்கவேயில்லை என்று ஆகிவிட்டால் இவளைக் கோவிலில் வைத்துக் கட்டிக்கொள்ளலாம்.

"ஒனக்கு ஒரு தாளு, எனக்கு ஒரு தாளு," என்றான். "நான் எம் பொஞ்சாதிக்குச் சம்மதம்னு எழுதித் தாரேன். நீ எனக்கும் இவருக்கும் கலியாணமே நடக்கலன்னு எழுதித் தா."

இரண்டையும் அவனே எழுதினான், வாசித்தும் காட்டினான். அவள் ஏமாறவில்லை, தெரிந்துதான் செய்தாள். கலியாணம் இல்லையென்றால் மண்ணுக்குள் கிடக்கிற பிள்ளை யாருடையது என்ற நினைப்பு வந்தது. ஆனாலும் பெருவிரலை மையில் தொட்டாள். பொய்தானே, பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக் கழுவிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டாள். அந்தச் சனிக்கிழமையே சபையை நடத்துகிற பாதரிடம் முட்டிபோட்டு ஒன்று விடாமல் சொன்னாள். அவரும் ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலையை அபராதமாகக் கொடுத்துப் பாவத்தை மன்னித்தார்.

திருநாளுக்கு ஆறு நாள் இருக்கும்போது அம்பர்நாத் சாமியாரிடமிருந்து கடிதம் வந்தது. கூடவே அவளுடைய கைநாட்டுத் தாளும் இருந்தது. உங்கள் பங்கைச் சேர்ந்த இவள் சொல்வது உண்மையா, விசாரித்து எழுதவும் என்று கேட்டிருந்தார்.

கோவில் அலுவலறையில் பாதர் மேஜைக்குப் பின்னால் இருந்தார். டீச்சர் தொம்மையின் சம்மதத்தையும் அந்தத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். எது பொய் என்று கேட்டாள்.

"சாமிக்குத் தெரியும்," என்றாள் சொர்ணம்மாள். "சாமி, ஒங்கட்ட எல்லாத்தையும் சொன்னம்லா? நீங்களே சொல்லுங்க."

பாதர் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஒன்றும் தெரியாது அம்மா," என்றார்.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் உயிர் போனாலும் வெளியே சொல்லக்கூடாது. நியாயமான சட்டம்தான். ஆனால் அவளே அனுமதி கொடுத்த பிறகும் அவர் தலை நிமிரவில்லை. சட்டம் அவரை எவ்வளவு கட்டியது, அவராக எவ்வளவு கட்டிக்கொண்டார் என்பது அவருக்கே வெளிச்சம். எனக்கு அந்த மனுஷன்மேல் இன்றைக்கும் கோபம்தான்.

கடைசியில் அவளே நடந்ததைச் சொன்னாள். சொன்னதும் இன்னும் மோசமாகப் போயிற்று. கலியாணம் நடந்தது உண்மையென்றால், இவள் ஒரு குருவானவர் கண்ணில் மண்ணைத் தூவப் பொய்ச் சாட்சி கொடுத்தவள். நடக்கவில்லை என்றால், மூன்று வருஷம் கெட்ட நடத்தையில் இருந்தவள். எப்படிப் பார்த்தாலும் சபைக்கு ஆகாது என்று டீச்சர் பதமாகத்தான் சொன்னாள்.

"அப்போ நான் யாரு டீச்சர்?" என்று கேட்டாள் சொர்ணம்மாள். "கட்டுனவளா, கட்டாதவளா? அதையாவது சொல்லிருங்க."

வடக்கன்குளம் கோவிலுக்கு எழுதிக் கேட்டால் தெரியும், மூன்று மாதம் ஆகும் என்றாள் டீச்சர். அப்படி யாரும் எழுதவில்லை.

திருநாளன்று நாலு பேருக்கு உத்தரியமும் கயிறும் கொடுத்தார்கள். சொர்ணம்மாள் கடைசித் தூணோரம் நின்று பார்த்தாள். பூசை முடிந்து எல்லாரும் கேக் தின்றுகொண்டிருந்தபோது டீச்சர் அவளைத் தேடி வந்தாள். அவள் மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறாள் என்று சொர்ணம்மாள் ஒரு நிமிஷம் நம்பிவிட்டாள்.

கோவண்டியில் ஒரு பெரியவர் மூன்று நாளாக மலத்திலேயே கிடக்கிறாராம். புதியவர்களுக்கு இதெல்லாம் பழக்கமில்லை, மயங்கி விழுந்துவிடுவார்கள். "நீ வந்து செஞ்சு காமிச்சேன்னா கத்துப்பா. சபையில இல்லேன்னா என்ன, சேவை பண்ணப்படாதுன்னு யார் சொன்னா?" என்றாள் டீச்சர்.

வர மாட்டேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் கேக் தட்டை எடுத்து எறிந்திருப்பேன். ஆனால் மூன்று நாளாகக் கிடக்கிற ஒருவர் அங்கே இருந்தார். போனாள்.

புதுக் கயிறு கட்டிய நாலு பேரும் சுவரோரம் மூக்கில் சேலை முந்தியை வைத்துக்கொண்டு ஜெபப்புத்தகத்தைத் திறந்தார்கள். சொர்ணம்மாள் கிழவரின் துணியை உரித்து, வெந்நீரைத் தொட்டுப் பார்த்து, முதுகுப் புண்ணைக் கழுவத் தொடங்கினாள். கிழவருக்கு நினைவு இருந்தது. வந்திருப்பது யார் என்று கேட்டார். நாங்கள் ஐந்துகாய சபை என்று டீச்சர் சொன்னாள்.

அவர் சொர்ணம்மாளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இந்தத் தாயி?" என்றார்.

"அவ சபை இல்லே. ஒத்தாசைக்குக் கூட்டிண்டு வந்திருக்கோம்," என்றாள் டீச்சர்.

சொர்ணம்மாள் துணியைப் பிழிந்துவிட்டு, அவரை மறுபக்கம் திருப்பிப் படுக்க வைத்தாள்.