புன்னைக்காயலில் நார்வே இளவரசியின் கிரீடம்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே வலைப்பக்கத்தில், இரண்டாம் உலகப் போரின்போது நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்த நார்வே பட்டத்து இளவரசியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். மூன்று சிறு பிள்ளைகளோடு எல்லை தாண்டி ஸ்வீடனுக்குப் போனவர், பின்லாந்துத் துறைமுகம் ஒன்றிலிருந்து கப்பலேறி அமெரிக்கா சேர்ந்தவர். கணவர் லண்டனில் தங்கிவிட்டார். பிரிவு ஐந்து ஆண்டுகள். நடுவில் கணவர் சில முறை வந்து பார்த்ததோடு சரி. கட்டுரைக்கு ஒரே ஒரு பின்னூட்டம் வந்தது. "சார், இந்த ராணி எங்க ஊர் நாடகத்துல வருவாங்க. திருவிழாவுக்கு வாங்க. ஜெரோம், புன்னைக்காயல்."

யாரோ கேலி செய்கிறார்கள் என்று எண்ணி விட்டுவிட்டேன். இந்த ஆண்டு அவரே தொலைபேசியில் அழைத்தபோதுதான் கிளம்பினேன். எழுபத்து நான்கு வயதில் தனியாகப் போவது சரியா என்று கிளம்பும் காலைவரை யோசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து தூத்துக்குடிக்குப் பேருந்தில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். தூத்துக்குடி நெருங்கியதும் காற்றில் உப்பு தெரியும். பழைய பேருந்து நிலையத்தில் திருச்செந்தூர் வண்டி பிடித்து ஆத்தூரில் இறங்க வேண்டும். அங்கிருந்து ஊருக்கு ஆட்டோ, நூற்றைம்பது ரூபாய். நான் பேரம் பேசவில்லை. பேசியிருக்கலாம் என்று ஓட்டுநரே சொன்னார்.

"எரநூறு கேப்பேன், நூத்தம்பதுக்கு வருவேன். நீங்க வாயே தெறக்கலியே, அதான் நானே கொறச்சுட்டேன். யார் வீட்டுக்கு?"

"ஜெரோம் வீட்டுக்கு. நாடகம் பார்க்க."

"ஓ, கிரீடக்காரர் வீட்டுக்கா! அப்பவே சொல்லக் கூடாதா?"

ஜெரோமுக்கு ஐம்பது வயதிருக்கும். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு கொண்டுபோகும் தோணியில் வேலை. 'கிரீடக்காரர்' என்ற பெயரின் கதையை அவரே சொன்னார். போர்க்காலத்தில் அவருடைய தாத்தா நார்வே சரக்குக் கப்பல் ஒன்றில் பண்டாரி, அதாவது சமையல்காரர். நியூயார்க்கில் கப்பல்காரர்களைப் பார்க்க வந்த இளவரசி, தாத்தாவுக்கும் கை கொடுத்தாராம். ஊர் திரும்பிய தாத்தா, திருவிழா நாடகத்தில் இளவரசிக்கென்று ஒரு பகுதியைச் சேர்த்தார். கடைசிக் காட்சியில் இளவரசியின் தலையில் கிரீடம் வைப்பது அந்தக் குடும்பத்தின் உரிமை.

"தாத்தா வச்சாரு, பொறவு அப்பா வச்சாரு. அப்பா போன வருசம் தவறிட்டாரு. இந்த வருசம் நான்" என்றார் ஜெரோம். கிரீடத்தை எடுத்துக் காட்டினார். அட்டையில் ஜிகினா ஒட்டியது. அவரே புதிதாக ஒட்டியிருந்தார். விரல் நுனிகளிலும் ஜிகினா மின்னியது.

மறுநாள்தான் நாடகம். அன்று மாலை, மீன் வலை பின்னும் கூடத்தில் ஒத்திகை. இளவரசிக்குப் பட்டுச்சேலை. அமெரிக்க அதிபர் 'மேற்குத் தேசத்து மகாராசா' ஆகியிருந்தார். சரித்திரப் பிழைகளை மனத்துக்குள் எண்ணத் தொடங்கி, ஆறாவதோடு விட்டுவிட்டேன். காரணம், இளவரசியாக நடித்த ரோஸ்லின். துறைமுகப் படியில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு மாலுமியிடமும், "எங்க வீட்டவர எங்கனயாவது பாத்தீயளா?" என்று அவர் கேட்பது நடிப்பாகவே தெரியவில்லை. அவருடைய கணவர் சவுதிக்குப் போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன, கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார் என்று ஜெரோம் என் காதில் சொன்னார்.

இடைவேளையில் தேநீர் வந்தது. மாலுமி வேடத்தில் இருந்த ஒருவர், "ஏளா ராணி, டீக்குச் சீனி போட ஆள் அனுப்பவா?" என்றார். "ஒன் தாடிய மொதல்ல ஒழுங்கா ஒட்டுல. டீக்குள்ள முடி கெடக்கு" என்றார் ரோஸ்லின். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க படிச்சவிய. நெசமாவே அந்த ராணியோட வீட்டுக்காரர் திரும்பி வந்தாரா?"

"வந்தார். போர் முடிந்ததும் எல்லோரும் நாடு திரும்பினார்கள். மக்கள் கரையில் திரண்டு வரவேற்றார்கள்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஒரு பதிலை அரைகுறையாக விட என்னால் முடிவதில்லை. "ஆனால் இளவரசி ராணி ஆகவில்லை. சில ஆண்டுகளில் நோயில் இறந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் கணவர் அரசரானார்" என்றும் சொல்லிவிட்டேன்.

ரோஸ்லின் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"அப்ப இந்தக் கிரீடம்?"

"அது நாடகத்துக்குத்தாம்ளா" என்றார் ஜெரோம் அவசரமாக. "சாரு சொல்லுதது புஸ்தகக் கத. நமக்கு நம்ம கத."

"செத்துப்போனவளுக்கா கிரீடம் வைக்கப் போறிய? அதுவும் என் தலையில? எங்க வீட்டவர் வாற நேரத்துல? எனக்கு வேண்டாண்ணே. வேற ஆளப் பாருங்க."

எழுந்து போய்விட்டார். நான் பின்னால் போய் ஏதாவது சொல்லியிருக்கலாம். இளவரசி நாடு திரும்பிய பின் ஒன்பது ஆண்டுகள் கணவரோடும் பிள்ளைகளோடும் வாழ்ந்தார் என்பதும் உண்மைதானே, அதைச் சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது அது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், ஓர் அந்நியப் பெண்ணின் வீட்டு வாசலில் போய் நிற்கும் துணிவு வந்திருக்காது. தூத்துக்குடியில் அறை எடுத்திருக்கிறேன், இருட்டுவதற்குள் போக வேண்டும் என்றேன். ஜெரோம் கோபப்படவில்லை. ஆட்டோ பிடித்துக் கொடுத்து, "நாளைக்கு வாங்க சார்" என்றார். மறுநாள் காலை மதுரைக்கு வண்டி ஏறிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து நானே தயங்கித் தயங்கி அவரை அழைத்தேன்.

"நாடகம் நல்லா நடந்துச்சு சார். ரோஸ்லின்தான் நடிச்சா, அவளாவே வந்துட்டா. புருசன் ராசா கப்பல்லேர்ந்து எறங்குனாரா, ஓடிப் போய் கையப் புடிச்சுக்கிட்டு, 'வந்துட்டியளா, எனக்கு இது போதும்'னா. ஒத்திகையில அப்படி வசனமே கெடையாது. திரையை இழுங்கன்னு அவளே கையக் காட்டிட்டா. பொம்பளையளெல்லாம் எந்திரிச்சு நின்னு கைதட்டுனாவ."

"நீங்கள்?"

"நான் திரைக்குப் பின்னால கிரீடத்தை வச்சுக்கிட்டு நின்னேன்" என்று சிரித்தார். "பரவால்ல சார். இனிமே இந்த முடிவுதான் வேணும்னு ஊர்ல சொல்லிட்டாவ. அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு."

நல்ல முடிவுதான். நான் படித்த எதிலும் இதைவிட நல்ல முடிவு இல்லை. ஆனால் அதற்காக ஒரு மனிதர் கையில் கிரீடத்தோடு இருட்டில் நின்றிருக்கிறார்.

போக விரும்புவோருக்கு: திருவிழாச் சமயத்தில் ஊரில் தங்க இடம் கிடைப்பது கடினம், தூத்துக்குடியில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். எனக்கு அறை வாடகை எண்ணூறு ரூபாய். ஆத்தூரில் ஆட்டோவுக்குப் பேரம் பேசுங்கள். ஆற்று முகத்துவாரத்துக்கு மாலையில் போங்கள், நான் போகவில்லை. நாடகத்தைக் கடைசிவரை இருந்து பாருங்கள். யாராவது ஏதாவது கேட்டால், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஜெரோமைப் பார்த்தால், அந்தக் கிரீடத்தை ஒருமுறை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மகிழ்ச்சியோடு காட்டுவார் என்றுதான் நினைக்கிறேன்.