பொம்மைக்கு ஊற்றிய தீர்த்தம்

கொலைகாரப் பொம்மைப் படத்தின் முதலாம் பாகத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. இரண்டாம் பாகமே இந்த ஆயுளுக்குப் போதும்.

நாட்டில் சண்டை முடிந்து, அப்பா நேவியின் பாஸுக்காகக் காத்து நிற்காமல் கடலுக்குப் போகத் தொடங்கியிருந்த காலம். அம்மா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போய் இரண்டு வருடமாகியிருந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, சிலாபத்துக்கு மீன் கொண்டுபோன கையோடு அந்தப் படத்தின் சீடியை வாங்கி வந்தார். முதலாம் பாகம் கடையில் முடிந்துவிட்டதாம்.

"பொம்மை கொல்லும், ஆக்கள் ஓடுவாங்க. இதுக்கு முதலாம் பாகம் என்னத்துக்கு?" என்றார்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து பார்த்தோம். கத்தியைத் தூக்கிக்கொண்டு வரும் பொம்மை கால் தடக்கி விழும். சிரிப்பதா கத்துவதா என்று தெரியாமல் நான் இரண்டையும் செய்தேன். ஆனால் ஒரு பொம்மை, பிள்ளைகளின் தாயினுடைய குரலிலேயே "கதவைத் திற மகள்" என்று கூப்பிட்டதே, அதோடு என் சிரிப்பு நின்றுவிட்டது. ஐயோ, எங்கள் கண்ணாடி அலுமாரிக்குள்ளும் அப்படி ஒன்று இருந்தது!

அம்மா தன் குரலைப் பதிந்து அனுப்பிய பொம்மை. வயிற்றை அமத்தினால் "சாப்பிட்டீங்களா? கவனமா இருங்க" என்னும். பழுதாகிவிடும் என்று பொலித்தீன் உறையைக்கூடக் கழற்றாமல் பூட்டி வைத்திருந்தோம். அப்பா மட்டும் கடலுக்குப் போகுமுன் எடுத்து ஒரு தடவை அமத்துவார். பெட்டரி இருக்கிறதா என்று பார்க்கிறார் என நினைத்திருந்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அலுமாரித் திறப்பை எடுத்துப் பூட்டைத் திறந்தேன். பேய்க்கு எங்கள் வீட்டில் ஒரே மருந்துதான். புனித அன்னம்மா கோயில் திருவிழாவில் நிரப்பி வந்த தீர்த்தப் போத்தல். அப்பா புது எஞ்சினுக்கு அதில் நாலு துளி தெளித்ததைக் கண்டிருக்கிறேன். எஞ்சினுக்குள் பேய் இல்லை, இதற்குள் இருக்கிறதே! உறையை உரித்து, பொம்மையின் முதுகு மூடியைக் கழற்றி, மிச்சமிருந்த அரைப் போத்தலையும் ஊற்றினேன். "கவனமா... மா... மா..." என்று இழுத்து, அது அடங்கியது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

அப்பா அதைக் கருவாடு காயப்போடும் பந்தலில், பிளந்த பாரை மீன்களுக்கு நடுவே இரண்டு நாள் காயப் போட்டார். வந்து வந்து வயிற்றை அமத்திப் பார்த்தார். நாற்றம் வந்ததே தவிரச் சத்தம் வரவில்லை.

"பேயோட சேத்து அக்காவையும் ஓட்டிட்டா இவள்!" என்று மாமா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. எனக்கு ஏசவுமில்லை. ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை குவைத்திலிருந்து அம்மா போன் எடுத்தார். நான் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "நல்ல வேல செஞ்சீங்க மகள். சரி, அப்பாட்ட குடுங்க."

அப்பா போனை வாங்கினார். "ஒண்டுமில்ல. நீ சும்மா என்னத்தையாவது கதை" என்று சொல்லிவிட்டு, கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஓம் என்றுகூட ஒரு சொல் இல்லை.

எனக்குச் சரியான எரிச்சல். கதைக்காத மனிதருக்குப் போன் எதற்கு, என்னிடம் தந்தால் படத்தின் மிச்சக் கதையையாவது சொல்லுவேனே என்று, அவருடைய சாரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே நின்றேன்.