கட்டையைத் தாண்டி வந்த வேலை

எனக்குப் பேரன் பிறந்து ஒரு மாதம் ஆகிறது. இன்னும் அவனைப் போனில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இத்தனைக்கும் எங்கள் ஊர் மொச்சுடியில் எங்கள் இருவருக்கும் ஒரே முற்றம். பிள்ளை பெற்ற வீட்டு வாசலில் குறுக்கே ஒரு கட்டை கிடக்கிறது. தாயும் பிள்ளையும் வெளியே வரும்வரை ஆம்பளை எவனும் அதைத் தாண்டக் கூடாது. காவலுக்கு என் கொழுந்தியா செதுன்யா இருக்கிறாள். என் மனைவி போன பிறகு என் மகளுக்கு அம்மா மாதிரி இருப்பவள் அவள்தான்.

சொல்ல வந்தது பிள்ளை பெற்ற என் மகள் பொயிங்கொட்லோவைப் பற்றி. சின்ன வயதிலேயே எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கிற பெண். என் வெல்டிங் பட்டறையில் ஒரு ஸ்பேனர் இடம் மாறியிருந்தால், பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை இறக்கும் முன்பே கேட்டுவிடுவாள். கிடங்கு நிர்வாகம் படித்தாள். படித்துவிட்டு ஒரு பலசரக்குக் கடைக் கல்லாவில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே வேலைக்கு மனு போட்டுக்கொண்டே இருந்தாள்.

நான் வேலைக்குப் போன காலத்தில் சுரங்க வாசலில் போய் நிற்போம். மேஸ்திரி உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பார். காய்ப்பு இருந்தால், "உள்ள போ" என்பார். இவள் காலத்தில் கையைப் பார்க்க ஆளில்லை. மனுவை முதலில் கம்ப்யூட்டர் சலிக்கிறது. அது தேடுகிற வார்த்தை இல்லையென்றால் தள்ளிவிடுகிறது. ஒரு தடவை இவள் மனுவை அனுப்பிவிட்டு டீயைக் கையில் எடுத்தாள். டீ ஆறுவதற்குள் 'வருந்துகிறோம்' என்று பதில் வந்துவிட்டது.

"படிக்கவே இல்லப்பா அது!" என்று அழுதாள்.

பேரன் பிறந்து கொஞ்ச நாளில் தலைநகர் காபரோனிலிருந்து செய்தி வந்தது. ஒரு மருந்துக் கிடங்கின் சல்லடையில் இவள் மனு நின்றுவிட்டது. அடுத்தது நேர்முகம். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் போனிலேயே பேசி அனுப்ப வேண்டும். பேசியதை அழித்துத் திரும்பப் பேச முடியாது.

செதுன்யா இடுப்பில் கை வைத்தாள்.

"போனுக்குள்ள வரப்போறது ஆம்பளையா, பொம்பளையா?"

"ரெண்டும் இல்ல சின்னம்மா. மிஷின். அது கேள்வி கேக்கும், நான் பதில் சொல்லணும்."

"அப்புறம் எவன் பாப்பான்?"

"மொதல்ல மிஷின்தான் பாக்கும். அது சரின்னு சொன்னாத்தான் ஆளுங்க பாப்பாங்க."

"பிள்ளை மொகம் அதுல விழக் கூடாது. அப்படின்னா சரி."

வெளியே நின்ற எனக்குப் பொறுக்கவில்லை. "ஊர் பேர் தெரியாத மிஷின் உள்ள போலாம், தாத்தன் போகக் கூடாதா?"

"மிஷின் உங்கள மாதிரி கண்ட எடத்துல சுத்திட்டு வரல மச்சான்."

பழகிப் பார்க்க முதலில் ஒரு கேள்வி வந்தது. மகள், "வணக்கம்மா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரட்டும் என்று காத்திருந்தாள். வணக்கத்துக்குப் பதில் வராமல் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது? காத்திருக்கும்போதே அந்தக் கேள்விக்கான நேரம் ஓடிவிட்டது.

"வணக்கம் சொன்னா வாயத் தொறக்குதா பாரு!" என்றாள் செதுன்யா. "வளர்ப்பு சரியில்ல."

பிறகு நிஜ நேர்முகம். மகள் உள்ளறையில் உட்கார்ந்தாள். முன்னறையில் செதுன்யா பிள்ளையோடு இருந்தாள். கட்டைக்கு வெளியே, கவிழ்த்த வாளி மேல் நான். கதவு திறந்திருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது. மகள் தடுமாறாமல் பதில் சொல்லிக்கொண்டே போனாள். கடைசிக் கேள்வி வந்தது. 'அனுமதி இல்லாத ஒருவர் கிடங்கிற்குள் நுழையப் பார்க்கிறார். அவர் உங்கள் மேலதிகாரி. என்ன செய்வீர்கள்?'

அந்த நேரம் பார்த்துப் பேரன் வீறிட்டான். என் கால் தானாக எழுந்து கட்டைக்கு மேல் போய்விட்டது.

"கால எடுங்க மச்சான்!"

"நான் அவன் தாத்தன்!"

"நாட்டுக்கே தலைவரா இருங்க! கட்டைக்கு அந்தப் பக்கம் இருங்க!"

சொல்லி முடித்த பிறகுதான், எல்லாம் போனில் பதிவாகிறது என்று இருவருக்கும் உறைத்தது. அவள் வாயைப் பொத்தினாள். பாவி, நானே கெடுத்துவிட்டேனே! உள்ளே நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் சிரிப்பை அடக்கிய மகளின் குரல் கேட்டது.

"கேட்டுச்சா? அது எங்கப்பா. இந்த வீட்டுக்கு அவர்தான் முதலாளி. பேரனைப் பாக்கத் துடிக்கிறாரு. ஆனா வாசல்ல கட்டை கிடக்கு, நாங்க விடல. பாசம் இல்லாம இல்ல. உள்ள இருக்கறது பச்சப் பிள்ளை. உங்க கிடங்குல இருக்கறதும் யாரோ பெத்த பிள்ளைக்குப் போற மருந்துதானே? அங்கயும் நான் இப்படித்தான் நிப்பேன். இந்த அளவுக்குக் கத்த மாட்டேன்."

அடுத்த வாரம் போன் அடித்தது. கிடங்கிலிருந்து ஒரு அம்மா பேசினார். எடுத்ததும், "வணக்கம்மா, நல்லா இருக்கீங்களா? பிள்ளை சௌக்கியமா?" என்று விசாரித்தார். செதுன்யா என்னைப் பார்த்து, "இது வளர்ப்பு" என்பதுபோல் தலையாட்டினாள்.

சத்தம் அதிகமாக இருக்கிறதென்று மிஷின் இவள் பதிவைத் தனியே ஒதுக்கி வைத்ததாம். ஒதுக்கியதை ஆள்தான் திறந்து பார்க்க வேண்டுமாம். திறந்தவர் சிரித்த சிரிப்பில் அலுவலகமே கூடிவிட்டதாம். வேலை உங்களுக்குத்தான், கட்டையை எடுத்த பிறகு வந்து சேருங்கள் என்றார். கடைசியாக, "உங்கப்பா உள்ள போயிட்டாரா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லம்மா."

செதுன்யா போட்ட குலவையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலிக்கு ஓடிவந்தார்கள்.

"யாரால கெடைச்ச வேலை?" என்று நான் மார்பை நிமிர்த்தினேன். "என் காலாலதான்!"

"அந்தக் காலைத்தான் அந்தப் பக்கமே வச்சுக்குங்க மச்சான்," என்று சொல்லிக் கட்டைக்கு மேலே போனை நீட்டினாள். திரையில் என் பேரன் மொட்லாலெபுலா கொட்டாவி விட்டான்.