மதினி கடையின் உள்அறை

அந்த இரண்டு பெஞ்சுகளையும் தூக்கி வெளியே போடச் சொன்னது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் காலம் அப்படி, வயது அப்படி என்று நானே சப்பைக்கட்டு கட்ட ஆரம்பித்துவிடுவேன். பூவரசம் பலகையில் செய்த கனமான பெஞ்சுகள். இரண்டு ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, நிலையில் இடிக்காமல் சாய்த்து வெளியே கொண்டுபோனார்கள். மதினி வாளியில் தண்ணீர் கொண்டுவந்து, தரையில் பதிந்திருந்த பெஞ்சுக் கால் தடங்களை ஈரத்துணியால் துடைத்தாள். தடம் போகவில்லை. “சிமெண்ட் பூசினா போயிரும் மதினி” என்று நான் சொன்னேன்.

மதினி என் அண்ணன் மனைவி. அண்ணன் நூல் மில்லில் ஷிப்ட் வேலை பார்த்தான். இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனிகள் வரிசையாக இருந்த ஒரு தெருவின் முனையில் மதினி காபிக் கடை நடத்தினாள். எண்பதுகளில் ஒரு பெண் கல்லாவில் உட்கார்ந்து காபிக் கடை நடத்துவது அந்தத் தெருவுக்குப் புதுசு. முன்பக்கம் ஆண்கள் நின்று குடித்துவிட்டுப் போவார்கள். பின்னால் ஒரு துணித்திரை, அதைத் தாண்டினால் உள்அறை. அங்கேதான் அந்த இரண்டு பெஞ்சுகளும் ஒரு மின்விசிறியும் பானைத் தண்ணீரும் இருந்தன. கம்பெனி விட்டதும் பெண்கள் தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்க வந்து உட்காருவார்கள். டம்ளரில் ஒருத்தி, டபராவில் ஒருத்தி என்று ஒரு காபியை இரண்டு பேர் பங்கிட்டுக் குடிப்பார்கள். குடிப்பதற்கு ஐந்து நிமிடம், இருப்பதற்கு முக்கால் மணி நேரம். காலை நீட்டுவார்கள், கொண்டையை அவிழ்த்து முடிவார்கள், மேஸ்திரியைத் திட்டுவார்கள். அவர்கள் சிரிக்கிற சிரிப்பு தெருவுக்கே கேட்கும். வீட்டிலும் இல்லாமல் வேலையிலும் இல்லாமல் ஒரு பெண் சும்மா உட்காருவதற்கு அன்று ஊரில் வேறு எந்த இடம் இருந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். கோயிலைச் சொல்லலாம். ஆனால் கோயிலில் உட்கார்ந்து மேஸ்திரியைத் திட்ட முடியாது.

அவர்களில் தேவதானத்திலிருந்து வரும் அக்கா ஒருத்தி இருந்தாள். கம்பெனி ஐந்து மணிக்கு விடும், அவள் ஊர் பஸ் ஆறேகாலுக்குத்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுடைய மாமியாரே கடைக்கு வந்து உள்அறையைச் சுற்றிப் பார்த்தாள். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு காபியும் குடித்தாள். பிறகு மதினியிடம், “பஸ்ஸு வார மட்டும் ஒன் கடையிலதான் இருக்கணும் தாயி. இருப்பான்னா அனுப்புதேன், இல்லாட்டி வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்” என்று கறாராகச் சொன்னாள். மதினி சரி என்றாள். அப்படி மதினியிடம் சொல்லிவிட்டுப் பெண்ணை அனுப்பிய வீடுகள் ஏழெட்டாவது இருக்கும். கம்பெனி முதலாளியை நம்பி யாரும் பெண்ணை அனுப்பவில்லை, மதினி கடையை நம்பித்தான் அனுப்பினார்கள். இது எனக்கும் தெரியும்.

நான் மதுரையில் எம்.காம். படித்தேன். அந்தக் கடையின் வருமானத்தில்தான் படித்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஊர் திரும்பியபோது வாயைத் திறந்தால் பிராண்ட், மார்க்கெட்டிங் என்றுதான் வரும். ஒரே பெயர், ஒரே நிறத்தில் பலகை, எந்த ஊரில் குடித்தாலும் ஒரே ருசி என்று பத்து ஊரில் கிளை வைக்க வேண்டும் என்பது என் திட்டம். முதல் கிளையை ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் திறந்தோம். கோயிலுக்கு வருகிறவர்களும் பால்கோவா வாங்க இறங்குகிறவர்களும் அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் இருப்பார்கள். அவர்களுக்கு நாற்காலி எதற்கு? நெஞ்சு உயரத்துக்கு ஒரு கல் மேடை, டோக்கன், இரண்டு நிமிடத்தில் காபி. தியேட்டரில் இடைவேளைக்கு ஸ்லைடு போட்டோம். ‘கையில் பால்கோவா, வாயில் நம்ம காபி’ என்று எழுதியது நான்தான். நல்லவேளை, யாரும் அடிக்க வரவில்லை. கூட்டம்தான் வந்தது.

அந்தக் கூட்டம் என் தலைக்கேறிவிட்டது. இரண்டு கடையும் ஒரே மாதிரி இல்லாவிட்டால் பிராண்ட் நிற்காது என்று வீட்டில் ஒரு மாதம் பிரசங்கம் செய்தேன். உள்அறையை இடித்து முன்பக்கத்தோடு சேர்க்க வேண்டும், அங்கேயும் கல் மேடைதான், நின்றுதான் குடிக்க வேண்டும். மதினி சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். “அங்க குடிக்க வாராவ. இங்க இருக்க வாராவ தம்பி” என்றாள். “இருக்கிறதுக்கு நாம என்ன சத்திரமா வச்சிருக்கோம்?” என்று நான் சிரித்தேன். அண்ணனும் சிரித்தான். “படிச்சவன் சொல்லுதான், விடு” என்றான். என்னைப் படிக்க வைத்தவளே அந்தப் படிப்புக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டாள். அப்போது அது எனக்கு வெற்றியாகத் தெரிந்தது. நினைத்தால் இன்றும் கூசுகிறது.

கல் மேடை வந்த முதல் நாள் பெண்கள் வழக்கம்போல வந்தார்கள். திரை இருந்த இடத்தில் திரை இல்லை. இரண்டு பக்கமும் ஆண்கள் நிற்க, நடுவில் நின்று முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, வாய் சுடச்சுடக் குடித்துவிட்டுப் போனார்கள். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. இரண்டு வாரத்தில் வருவதே நின்றுபோனது. தேவதானத்து அக்கா சில நாட்கள் பஸ் வரும்வரை பஸ் நிலையத்திலேயே நின்றாள். அதை யாரோ பார்த்து வீட்டில் சொல்ல, அவள் வேலையும் நின்றது. அவளுக்குப் பின்னால் வேறு சிலரும் வேலையை விட்டார்கள். மதினி சொன்னபோது, “வேற கம்பெனிக்குப் போயிருப்பாங்க” என்றேன். கடைக்கு ஒரு நஷ்டமும் இல்லை, ஆண்கள் கூட்டம் முன்னைவிட அதிகமானது. நஷ்டப்பட்டிருந்தால் அன்றே புத்தி வந்திருக்கும். மதினி அதன் பிறகு கல்லாவில் உட்காரவில்லை. அடுப்படியோடு நின்றுகொண்டாள். சில வருடங்களில் எனக்குச் சென்னையில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் இரண்டு கடைகளையும் விட்டுவிட்டோம்.

கல்லூரியில் நான் சொல்லிக்கொடுத்தது மார்க்கெட்டிங். உலகமெங்கும் கிளை பரப்பிய ஒரு காபிக் கடை நிறுவனத்தைப் பற்றி வருடம் தவறாமல் பாடம் நடத்தினேன். அவர்கள் காபியை மட்டும் விற்கவில்லை, வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே உட்கார ஓர் இடத்தை விற்றார்கள் என்று பலகையில் எழுதுவேன். பிள்ளைகள் குறிப்பெடுப்பார்கள். முதல் முறை அதை எழுதிய அன்று சாக்பீஸை அப்படியே மேசையில் வைத்தேன். தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய்விட்டேன். பிறகு பழகிவிட்டது. எல்லாம் பழகிவிடுகிறது.

போன வருடம் கண் சிகிச்சைக்காக மதினி சென்னைக்கு வந்திருந்தாள். அண்ணன் இறந்து சில காலம் ஆகிறது. நான்தான் வற்புறுத்தி அந்த நிறுவனத்தின் கடை ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். என்ன நினைப்பில் கூட்டிப்போனேன் என்று எனக்கே தெளிவாகத் தெரியாது. மன்னிப்புக் கேட்க அதுதான் பொருத்தமான இடம் என்று தோன்றியிருக்கலாம். மெத்தை வைத்த நாற்காலியில் மதினி நுனியில் உட்கார்ந்தாள். காபியை ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்துவிட்டு, செத்த நேரம் சுற்றிலும் பார்த்தாள்.

“தம்பி, இங்க எம்புட்டு நேரம் இருந்தாலும் எந்திரிக்கச் சொல்ல மாட்டாவளா?”

“மாட்டாங்க மதினி. அதுக்கும் சேத்துத்தான் இந்த வெலை.”

அவள் கோப்பையை மேசையில் வைத்தாள். “அந்தத் தேவதானத்துப் பிள்ள கடைசியா வந்தப்போ, வேலைக்கு அனுப்பச் சொல்லி எங்க வீட்ல வந்து ஒரு வார்த்த சொல்லுங்கக்கான்னு என் கையப் பிடிச்சிக்கிட்டு அழுதா. எந்த எடத்தக் காட்டி நான் சொல்ல?”

அவள் குரலில் கோபம் இல்லை. முப்பது வருடமாக என்னிடம் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். மதினி, என்னை மன்னிச்சிருங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒரு பெண் கையில் கோப்பையோடு எங்கள் பக்கம் வந்து, எங்கும் இடம் இல்லாமல் தயங்கி நின்றாள். கழுத்தில் ஏதோ அலுவலகத்தின் அடையாள அட்டை தொங்கியது. மதினி மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“இங்க வந்து இரு தாயி. நாங்க கெளம்பிட்டோம்.”

என் கோப்பையில் பாதிக்கு மேல் இருந்தது. நானும் எழுந்துகொண்டேன்.