நீங்க முதல்ல போங்க

"நீங்க முதல்ல போங்க" என்று தன் வரிசைச் சீட்டைப் பின்னால் இருப்பவரிடம் நீட்டுகிறார் பெஜ்மான். வாங்கிக்கொள்பவர் கார்மேலோ. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர்; ஓய்வூதியத்தில் ஏதோ குறைகிறது என்று வாரம் தவறாமல் வந்து கேட்பவர்.

"உங்க ஈரான்ல எல்லாரும் இப்படித்தானாப்பா? அப்போ ஒரு கதவு திறந்தா யாருதான் உள்ள போவாங்க?"

"யாரும் போக மாட்டோம் ஐயா. கதவே சலிச்சுப்போய் மூடிக்கும்."

கூடம் சிரிக்கிறது. பெஜ்மானும் சிரிக்கிறார், கொஞ்சம் தாமதமாக.

இத்தாலியின் கொசென்சா நகரில் தொழிற்சங்கம் நடத்தும் இலவச உதவி அலுவலகம் இது. ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பிய எனக்கு இங்கே காகிதங்களை நகலெடுக்கும் வேலை. பெஜ்மான் ஊழியர் அல்ல. மேட்டிலிருக்கும் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்க வந்தவர். பழைய கல்சுவர்கள் நிலநடுக்கத்தில் எப்படி விழும் என்பது அவருடைய ஆய்வு. எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் விரல் முட்டியால் சுவரைத் தட்டிக் காது கொடுப்பார். எங்கள் சுவரைத் தட்டிவிட்டு, "நிக்கும். ஆனா மாடியில யாரும் கல்யாணத்துக்கு ஆடக் கூடாது" என்றிருக்கிறார். காப்பியில் சர்க்கரை போட மாட்டார். கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு அதன் வழியாக உறிஞ்சுவார். கோடையிலும் கழற்றாத ஒரு பழுப்புக் கோட்டு.

வெளிநாட்டிலிருந்து புதிதாக வரும் ஆய்வு மாணவர்களை இங்கே அழைத்துவருவது அவர்தான். அவர்களுடைய உதவித்தொகையில் மாதாமாதம் சமூகக் காப்பீட்டுக்குச் சந்தா பிடிப்பார்கள். பிடித்தால் மட்டும் போதாது. மாணவரே தன் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நாளை பிரசவத்துக்கோ, படிப்பு முடிந்து வேலை கிடைக்காமல் நிற்கும் மாதங்களுக்கோ உதவி கேட்க முடியாது. மாணவர் உட்கார, பெஜ்மான் பின்னால் நிற்பார். இரண்டு கைகளையும் நாற்காலியின் முதுகில் ஊன்றிக்கொண்டு மாணவரின் பெயரை எழுத்தெழுத்தாக உரக்கச் சொல்வார்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கும் ஊழியர் லோரெதானா, "என்ன டாக்டரே, இன்னிக்கு யாரைப் புடிச்சுட்டு வந்திருக்கீங்க?" என்பாள்.

"தங்கமான பையன். பேருதான் கொஞ்சம் நீளம்."

ஒவ்வொரு முறையும் அவர் இரண்டு சீட்டு எடுப்பார். ஒன்று மாணவருக்கு, மற்றது தனக்கு. தன் எண் நெருங்கும்போது அதைப் பின்னால் இருப்பவரிடம் கொடுத்துவிடுவார். ஈரானிய மரியாதை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

போன வாரம் கீழே காப்பிக் கடையில் கேட்டேன். "கொடுக்கிறதுக்குன்னே ஒரு சீட்டு எதுக்கு பெஜ்மான்? எடுக்காமலே இருக்கலாமே?"

சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்து ஒரு வாய் உறிஞ்சினார்.

"எனக்காகத்தான் எடுக்கிறேன். என் பேரே இன்னும் பதியல."

அது அவருக்குத் தெரியவந்தது படிப்பின் இரண்டாம் ஆண்டில். கானாவிலிருந்து வந்த சக மாணவி அட்வோவா, தன் பெயர் பதிவில் இல்லை என்று ஆய்வகத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறாள்.

"நான் சிரிச்சுட்டேன். 'பணம் பிடிக்கிறாங்களே, பேரு இருக்கான்னு ஒரு தடவை பார்க்க மாட்டியா? முனைவர் பட்டம் வாங்க வந்திருக்கே!'ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவ எழுந்து போயிட்டா. வீட்டுக்கு வந்து சும்மா என் பேரைத் தேடிப் பார்த்தேன். இல்ல."

மறுநாள் அட்வோவாவை இங்கே கூட்டிவந்தார். அதன்பின் எல்லோரையும். தன்னை மட்டும் விட்டுவிட்டார்.

"வீட்லயே கணினியில பண்ணிடலாமே?"

"பேரு வரைக்கும் அடிச்சுடுவேன். அடுத்து, எந்தத் தேதியிலிருந்து சந்தா பிடிக்கிறாங்கன்னு கேட்கும். எத்தனை வருஷமா விட்டேன்னு அதுல தெரிஞ்சுடும். மூடி வெச்சிடுவேன்."

இலையுதிர் காலத்தில் அவருடைய படிப்பு முடிந்தது, உதவித்தொகையும் நின்றது. வேலையில்லாதவர்களுக்கு அரசு தரும் உதவிப் பணத்தைக் கேட்க அந்த வார வெள்ளிதான் கடைசி நாள். அதற்கு முதலில் பெயர் பதிய வேண்டும். அது கிடைக்காவிட்டால் அறையைக் காலி செய்துவிட்டு, வேலை தேடாமலேயே ஊர் திரும்ப வேண்டும்.

"லோரெதானா திட்ட மாட்டாங்க" என்றேன்.

"திட்டினா பரவாயில்ல. சிரிச்சா?"

காப்பிக்குக் காசு கொடுக்க அவர் முந்திக்கொண்டார். அன்று நான் விட்டுக்கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை தனியாக வந்தார். ஒரே சீட்டு எடுத்தார். சுவரைத் தட்டவில்லை. எண் வந்ததும் பின்னால் திரும்பி, "நீங்க முதல்ல..." என்று சீட்டை நீட்டினார்.

கார்மேலோ அவர் முகத்தைப் பார்த்தார். இரண்டு கைகளையும் தன் கோட்டுப் பைகளுக்குள் விட்டுக்கொண்டார்.

"எனக்கு இன்னிக்கு அவசரமில்ல தம்பி. நீ போ."

"என்ன டாக்டரே, கூட யாரையும் காணோம்? இன்னிக்கு யாருக்கு?" என்றாள் லோரெதானா.

வழக்கம்போல் நாற்காலியின் முதுகில் கை ஊன்றி நின்றார். காலி நாற்காலி. பிறகு சுற்றி வந்து அதில் உட்கார்ந்தார்.

லோரெதானா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டாள். "பேரு?" என்றாள் தணிந்த குரலில்.

அவர் ஏதோ முணுமுணுத்தார்.

"கேட்கலையே."

பெஜ்மான் கோட்டுக்குள்ளிருந்து அடையாள அட்டையை எடுத்தார். படம் தெரியாதபடி அதைக் கவிழ்த்து வைத்து, ஒற்றை விரலால் கண்ணாடித் தடுப்புக்கு அடியில் தள்ளினார்.