வறண்ட ஊரின் ஈர மில்

இந்த ஊர் வெயில் ஒத்துக்கொள்ளும், அந்த ஊர் காற்று ஆகாது என்று இரண்டு நகரங்களை ஒப்பிட்டுப் பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். எழுதுகிறவன் எவனும் மில்லுக்குள் நின்றவனில்லை. எங்கள் தொழிற்சங்கத்தில் இருந்த ஒரு பெண் நின்றவள்.

கடலோர நகரத்தில் நூல் மில் தொழிலாளி. ஓடுகிற இயந்திரத்தில் அறுந்த இழையை விரலால் ஒட்டுவது வேலை. துவைத்த துணி இரண்டு நாளானாலும் பிசுபிசுக்கும் ஊர் அது. நாற்பது வயதில் விரல் மூட்டுகள் வீங்கின. காலையில் கை மடங்காது. "ஈரம் ஆகாதும்மா, வறண்ட ஊராப் பாத்துப் போயிடுங்க" என்றார் டாக்டர்.

புருஷன் முடிதிருத்துபவன். எல்லோரும் அவனைக் கத்திரி என்றே கூப்பிடுவார்கள். வேர்த்துக் கொட்டும் ஊரில் அவனிடம் வரும் தலைகளுக்குக் குறைவில்லை. இருந்தும் கடையை மூடிவிட்டு அவளோடு உள்நாட்டு மேட்டு நகரத்துக்குக் குடிவந்தான். அங்கே துணி கொடியில் போட்ட கையோடு மொடமொடக்கும். உதடு வெடிக்கும். குளிருக்குப் பயந்து ஆட்கள் முடியையும் தாடியையும் வளர்த்துக்கொண்டார்கள். கத்திரி ஈ ஓட்டினான்.

அவளுக்கு அங்கேயும் நூல் மில்லில்தான் வேலை. மாதங்கள் போயும் வீக்கம் வடியவில்லை. நான் பார்க்கப் போனபோது வீட்டில் அதுதான் சண்டை.

"வறண்ட ஊர்னு வந்து என் பொழப்பு வறண்டதுதாண்ணே மிச்சம்" என்றான் கத்திரி.

"மில்லுக்குள்ள எப்படிம்மா இருக்கு?" என்று அவளைக் கேட்டேன்.

"அதை ஏன் கேக்குறீங்க. காத்து காஞ்சா நூல் அறுந்துடும்னு கூரை பூரா குழாய் போட்டு நாள் முழுக்கத் தண்ணியப் புகையா அடிக்கிறாங்க. போட்டிருக்கிற துணியே நனைஞ்சிடுது. அங்க ஜன்னலாவது தொறந்திருந்துச்சு."

கத்திரி அவளையே பார்த்தான். "கடலுக்குப் பயந்து ஓடிவந்து தெனமும் கடலுக்குள்ளயே போயிட்டு வர்றியா? இத ஏண்டி சொல்லல?"

"மில்லுன்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

எனக்குச் சுருக்கென்றது. நூலுக்கு எந்தத் தட்பவெப்பம் ஒத்துக்கொள்ளும் என்று முதலாளிக்குத் தெரிந்திருக்கிறது. அவள் விரலைப் பற்றி அந்த மில்லில் யாரும் கேட்கவில்லை, அவள் உட்பட.

"கெளம்பு. பழைய ஊருக்கே போவோம். கடையாவது ஓடும்" என்றான் கத்திரி.

அவள் கையை விரித்து மடக்கிப் பார்த்தாள். "வேணாங்க. லீவு நாள்ல சாயங்காலத்துக்குள்ள கை கொஞ்சம் மடங்குது. அங்க போனா வீட்டுலயும் ஈரம். ஊரு இருக்கட்டும், மில்லத்தான் விடணும்."

விட்டாள். இப்போது பார்சல் கிடங்கில் பெட்டிகளை ஊர்வாரியாகப் பிரிக்கிறாள். கூலி குறைவு, கிடங்குக்குள் ஈரமில்லை. விரல் வீக்கம் முழுக்க வடியவில்லை. ஆனால் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறாள்.

கத்திரி அந்த ஊரைத் திட்டிக்கொண்டே அந்த ஊர்க்காரர்களின் தாடியை ஒதுக்கிவிடப் பழகிவிட்டான்.