செல்லப்பா சாரின் நாற்காலி

பாடாங் செராயில் யாரைக் கேட்டாலும் தேவகி டீச்சர் நல்லவள் என்பார்கள். நல்லவள்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் அந்தத் தமிழ்ப்பள்ளியில் அவள் ஆறு வருஷம் மாடாய் உழைத்தது நல்ல மனசினால் மட்டும் அல்ல. ஒரு மனிதரைப் பழிவாங்க வேண்டும் என்று உழைத்தாள். இதை அவள் மறைத்ததும் இல்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த மனிதர் செல்லப்பா சார். அந்தப் பள்ளியின் முன்னாள் தலைமையாசிரியர், இப்போது பள்ளி வாரியத் தலைவர். எண்பதை நெருங்கியும் முதுகு வளையாதவர். ஒவ்வொரு ஆண்டும் பள்ளி திறக்கும் முதல் நாளில் மண்டபத்தின் நடுவில் அவருக்கு ஒரு பிரம்பு நாற்காலி போட்டு, மாலையும் போடுவார்கள். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து நிற்பார்கள். பத்திரிகையில் ஒரு வரியைக் காட்டி வாசிக்கச் சொல்வார். வாசித்த பிள்ளைக்கு மல்லிகை வகுப்பு, விழித்த பிள்ளைக்குச் செம்பருத்தி வகுப்பு. பாலர் பள்ளிக்குப் போன டவுன் பிள்ளைகள் வாசிக்கும், ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள் விழிக்கும். ஏழு வயசுப் பிள்ளையின் தலையெழுத்தை ஒரு நிமிஷத்தில் முடிவுசெய்துவிட்டு, அவர் நிம்மதியாக மைலோ குடிப்பார்.

எண்பத்தொன்பதாம் வருஷம் தேவகியும் அப்படித்தான் விழித்தாள். பக்கத்தில் அவள் அம்மா பாப்பம்மா நின்றாள். ரப்பர் மரத்தில் பால்வெட்டு முடிந்து நேராக ஓடிவந்தவள், விரல் இடுக்கில் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. செல்லப்பா சார் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தன் யாழ்ப்பாணத் தமிழில் மண்டபமே கேட்கச் சொன்னார்:

"இந்தப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது, அம்மா. இப்பவே பால் வெட்டப் பழக்கி விடுங்கோ."

"சரிங்கய்யா," என்றாள் பாப்பம்மா.

அவர் சொன்னதைக்கூட தேவகி ஒருவேளை மறந்திருப்பாள். அந்த 'சரிங்கய்யா'வைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. செம்பருத்தியில் மூன்று வருஷம் கரும்பலகையைப் பார்த்து எழுதியதுதான் படிப்பு. கதைப்புத்தகம் மல்லிகைக்கு மட்டும், செம்பருத்திப் பிள்ளைகள் கிழித்துவிடுவார்களாம். கடையில் சாமான் மடித்துக் கொடுத்த பத்திரிகைத் தாளைப் பிரித்துப் பிரித்துப் படிக்கக் கற்றுக்கொண்டாள். வயிற்றெரிச்சலோடு படித்தாலும் படிப்பு ஏறத்தான் செய்கிறது. ஆசிரியர் பயிற்சி முடித்துப் பண்டார் பாருவில் பல வருஷம் வேலை பார்த்தாள். மூன்று தடவை மனுப்போட்டு அந்தப் பழைய பள்ளிக்கே மாற்றல் வாங்கி வந்தாள், பாடத்திட்டத்துக்குப் பொறுப்பான துணைத் தலைமையாசிரியையாக. படித்த பள்ளிமேல் என்ன பாசம் என்று ஊர் மெச்சியது. பாசமாவது மண்ணாவது!

வந்த முதல் வருஷமே நாற்காலியைத் தூக்கி எறிந்திருக்கலாம். வாரியம் எகிறும், தலைமையாசிரியர் பக்கிரிசாமி பயந்து பின்வாங்குவார், மறு வருஷம் நாற்காலி திரும்பி வரும். அதனால் அவள் நாற்காலியைத் தொடவே இல்லை. மாலையைக்கூட அவளே பாசாரில் பார்த்து வாங்கினாள். உள்ளே வகுப்பில்தான் கை வைத்தாள்.

முதல் வருஷம் ஒரே ஒரு மாற்றம். முதலாம் ஆண்டில் மட்டும், காலையில் இருபது நிமிஷம், இரண்டு வகுப்புக்கும் ஒரே கதைப்புத்தகம்.

"பெரியவரு கோச்சுக்கப் போறாரு, டீச்சர்," என்றார் பக்கிரிசாமி. "நமக்கு எதுக்குலா இந்த சூசா, வீண் தொல்லை?"

"ஒரு வருஷ முயற்சி சார். சரிப்படலன்னா நிறுத்திடலாம்."

ஒரு வருஷ முயற்சியை யார் தடுப்பார்கள்? அந்தப் பிள்ளைகள் இரண்டாம் ஆண்டுக்குப் போனபோது புத்தகமும் கூடவே போனது, கீழே புதிதாக வந்தவர்களுக்கும் அதே பழக்கம். அடுத்து அறிவியல் சோதனை இரண்டு வகுப்புக்கும் பொது. அதற்கடுத்து ஆசிரியர்களை மாற்றி அனுப்பினாள். அங்கேதான் முட்டியது.

"நான் பதினஞ்சு வருஷமா மல்லிகைக்குத்தான் டீச்சர்," என்று பிரேமாவதி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "கெலாஸ் பெலாக்காங்ல, அந்தக் கடைசி வகுப்புல போயி என்னால தொண்டை கிழிய கத்த முடியாது, அக்கா."

"கணக்குப் பாடம் மட்டும்லா. ஒரு தவணைக்குத்தான், தங்கச்சி."

தவணை முடிந்ததும் தேவகி அவளைத் திரும்ப அழைத்தாள். பிரேமாவதி வரவில்லை. செம்பருத்தியில் சாந்தினி என்றொரு தோட்டத்துப் பெண் இருந்தாள். மனக்கணக்கில் டீச்சரையே முந்தினாள். "இவள விட்டுட்டு எப்படிக்கா வர்றது?" என்றாள் பிரேமாவதி. அன்றைக்கு தேவகி கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பு என்று சொல்லமாட்டேன், அதில் பல்லைக் கடிக்கிற சத்தமும் இருந்தது.

கோவிட் வந்து பள்ளி மூடிய சமயம் தவிர, செல்லப்பா சார் தவறாமல் வந்து பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் பிரித்த இரண்டு வகுப்பும் உள்ளே ஒன்றாகிக்கொண்டே வந்தது அவருக்குத் தெரியாது. சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, தோன்றியவர்களை தேவகி பார்த்த பார்வை அடக்கிவிட்டது.

தேவகி வந்த ஆறாவது வருஷத்தின் பரிசளிப்பு விழா. தேவகி ஒலிவாங்கியைப் பிடித்தாள். "நம்ம செல்லப்பா சார் ஒரு வரி கேட்டாலே பிள்ளையோட தரத்தச் சொல்லிடுவாரு. இன்னிக்கும் சொல்லிக் காட்டணும்னு கேட்டுக்கறோம்."

பெரியவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எட்டுப் பேர் அன்றைய பத்திரிகையை வாசித்தார்கள். மல்லிகைப் பிள்ளைகள் என்று நான்கு பேரைப் பிரித்து நிறுத்தினார். சாந்தினியின் தலையில் கைவைத்து, "இது முதல்தரம், ஐயமில்லை," என்றார்.

பின்வரிசையில் யாரோ ஒரு தோட்டத்துத் தகப்பன் சிரித்தான். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. தேவகி பெயர்ப்பட்டியலை நிதானமாக வாசித்தாள். அவர் பொறுக்கிய நால்வரில் மூவர் செம்பருத்தி. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவரே அனுப்பியவர்கள்.

விழா முடிந்து அலுவலகத்தில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். மாலையைக் கழற்ற மறந்துவிட்டார்.

"எத்தனை வருஷமா, பிள்ளை?"

"ஆறு வருஷமா சார். நீங்க ஒவ்வொரு வருஷமும் வந்து உக்காந்தீங்க."

"ஏன் இப்படிச் செய்தனீங்கள்?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவள் முப்பத்தைந்து வருஷம் காத்திருந்தாள். பாப்பம்மாவின் பெயரைச் சொன்னாள். பால் காய்ந்த விரலைச் சொன்னாள். அவர் சொன்ன வார்த்தையை அவர் குரலிலேயே திருப்பிச் சொன்னாள்.

"எத்தனையோ பேருக்கு அப்படிச் சொல்லியிருப்பன், பிள்ளை. உங்கட அம்மாவை எனக்கு ஞாபகமில்லை."

தேவகிக்கு உடம்பு பற்றி எரிந்தது. ஒரு அம்மாவுக்காக என்று நினைத்துத்தான் இத்தனையும் செய்தாள். எத்தனை அம்மாக்கள் 'சரிங்கய்யா' என்று தலையாட்டிவிட்டுப் போனார்களோ!

"பரவாயில்ல சார். பள்ளி திறக்கற அன்னிக்கு வந்துடுங்க. உங்க நாற்காலி அங்கதான் இருக்கும்."

அவர் தரையைப் பார்த்தார். "சரி," என்றார்.

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். பாப்பம்மா முட்டியில் தைலம் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பாவம்டி, வயசானவரு. அந்த நாக்காலிய எடுத்துரு."

"முடியாதும்மா."

பள்ளி திறந்த அன்று செல்லப்பா சார் வரவில்லை. வாங்கிய மாலை பையிலேயே கிடந்தது. தேவகி பிள்ளைகளை வந்த வரிசையிலேயே இரண்டு வகுப்புக்கும் அனுப்பினாள். நாற்காலியை எடுக்கட்டுமா என்று பக்கிரிசாமி இரண்டு தரம் கேட்டார். வேண்டாம் என்றாள். பிள்ளைகளைக் கைப்பிடித்து வந்த அம்மாக்களில் பாதிப்பேர் அதே மண்டபத்தில் ஒருநாள் விழித்து நின்றவர்கள். காலி நாற்காலியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள். பார்க்கட்டும் என்று தேவகி கதவோரம் கைகட்டி நின்றாள்.